எட்டாம் பதிப்பில் இல்லாதவள்

கறுப்புக் கார் தையல் கடை வாசலில் வந்து நின்றபோது, தையலக்கா ஒரு பள்ளிக்கூடக் கால்சட்டையின் இடுப்புப் பட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். காரின் முன்னால் பறந்த கட்சிக் கொடியைப் பார்த்த பிறகும் கையிலிருந்த பிளேடைக் கீழே வைக்கவில்லை.

"அத்தை, கட்சிக்காரங்க," என்றாள் மருமகள், அடுத்த மெஷினிலிருந்து.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

"பிளேடை வச்சுட்டுப் பேசுங்க."

"வந்தவன் எப்படிப் பேசுறான்னு பார்த்துட்டு வைக்கிறேன்."

இறங்கியவர் வக்கீல். தினமும் டிவியில் கட்சிக்காகக் கத்துகிறவர். நேரில் பார்க்கக் கொஞ்சம் குள்ளம். கடையில் உட்கார ஒரே ஒரு முக்காலிதான் இருந்தது. அதன்மேல் வெட்டிய துணிகள் குவிந்திருந்தன. எடுக்கலாமா என்பதுபோல் மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் பிளேடைப் பார்த்தார். துணி இருந்த இடத்திலேயே இருந்தது.

"வணக்கம்மா. அண்ணன் உங்களை ரொம்ப விசாரிச்சார்."

"எந்தக் கேஸ்ல?"

வக்கீல் சிரித்தார். சிரித்துச் சமாளிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கம்மா. ஒரே ஒரு சாட்சி. ஒரே ஒரு வார்த்தை. அண்ணனுக்கு இப்ப நேரம் சரியில்ல, உங்களுக்கே தெரியும்."

தெரியாதவர்கள் நாட்டில் யாரும் இல்லை. நாற்பது வருடமாக ஒரே கட்சி, ஒரே தலைவர். அவரை எல்லோரும் அண்ணன் என்றார்கள்; சொந்தப் பேரப்பிள்ளைகளும் அண்ணன் என்றே கூப்பிட்டன என்று கேள்வி. இப்போது அவர் மனைவியின் தம்பி பாதிக் கட்சியை உருவிக்கொண்டு போய்விட்டார். அவரை நாடே மச்சான் என்றது. கட்சியின் பெயர், கொடி, சின்னம் மூன்றும் தனக்கே என்று அண்ணனும் தனக்கே என்று மச்சானும் தேர்தல் ஆணையத்தில் மல்லுக்கு நின்றார்கள். வேட்புமனு போட இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி.

மச்சான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: அண்ணனைத் தலைவராக யார், எப்போது தேர்ந்தெடுத்தது? நிரூபிக்கட்டும்.

எந்தக் கட்சிக்கும் இது ஒரு கேள்வியா? இந்தக் கட்சிக்கு அதுதான் வினை.

கட்சி வரலாறு என்று ஒரு புத்தகம் உண்டு. முதல் பதிப்பைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். யாரையாவது கட்சியிலிருந்து தூக்கினால், புத்தகத்திலிருந்தும் தூக்கிவிட்டு அடுத்த பதிப்புப் போடுவார்கள். பழைய புத்தகத்தைக் கிளை அலுவலகத்தில் ஒப்படைத்தால்தான் புதியது கிடைக்கும். புதியது இல்லாமல் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்க முடியாது. ஒப்படைத்ததெல்லாம் காகித ஆலைக்குப் போய்க் கூழாகிவிடும். கட்சியைத் தொடங்கிய ஐந்து பேரில் வாத்தியார் போனபோது பள்ளிக்கூடப் போராட்டம் போனது. துறைமுகத்தார் போனபோது துறைமுக வேலைநிறுத்தம் போனது, கூடவே துறைமுகமும் போனது. கம்பவுண்டர் கட்சியில் இருந்தபடியே செத்துப்போனவர். ஆனால் அவர் மகன் எங்கோ வாயை விட்டதால் அப்பாவையும் தோண்டி எடுத்து நீக்கினார்கள். ஆட்சி நீள நீள வரலாறு மெலிந்தது. எட்டாம் பதிப்பு சட்டைப் பையில் அடங்கியது. அதில் அண்ணன் தனியாகச் சிந்தித்து, தனியாகக் கூட்டம் கூடி, தன்னை ஏகமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்.

ஆணையர் அதைப் படித்துவிட்டுக் கேட்டாராம்: "இந்தக் கூட்டத்தில் இவரைத் தவிர வேறு யாராவது இருந்தார்களா?"

இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் மண்ணுக்குள். மிச்சம் அண்ணனும் தையலக்காவும்.

"நான்தான் அங்க இல்லவே இல்லைன்னு போட்டுட்டீங்களே," என்றார் தையலக்கா.

"ஒன்பதாம் பதிப்பு அச்சுல இருக்கும்மா. உங்களுக்கு ஒரு முழுப் பக்கம். 'கொடி தைத்த தாய்'னு தலைப்பு."

"கொடியை வாத்தியார் பொண்டாட்டி தைச்சா. நான் கால்சட்டை தைக்கிறவ."

வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இனி இனிப்புத் தடவிப் பயனில்லை என்று புரிந்துவிட்டது. "உங்க பையன் வெளிய வருவான்," என்றார்.

மருமகளின் மெஷின் பட்டென்று நின்றது.

தையலக்காவின் மகன் பஸ் டிரைவர். பிரேக் பிடிக்காத வண்டிகளை ஓட்ட மாட்டோம் என்று டிப்போ வாசலில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் ஒருவன். பன்னிரண்டு பேரையும் விசாரணை இல்லாமல் உள்ளே தள்ளி எட்டு மாதம் ஆகிறது. உத்தரவு போட்டவர் அப்போது உள்துறை மந்திரியாக இருந்த மச்சான். கையெழுத்து அண்ணனுடையது.

"முதல்ல பையன்," என்றார் தையலக்கா. "என் கண்ணு முன்னால வந்து நிக்கணும். அப்புறம்தான் வாயைத் திறப்பேன்."

"விசாரணைக்கே கூட்டிட்டு வர்றோம். 'அண்ணனைத் தலைவராத் தேர்ந்தெடுத்தோம், நான் பார்த்தேன்.' இவ்வளவுதான் நீங்க சொல்லணும். எங்கே, ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்."

"நான் என்ன கிளியா? போய்யா."

கார் தெருமுனை திரும்பியது. பிறகு மருமகள் கேட்டாள்.

"சொல்லிடுவீங்கல்ல?"

"அது நடக்கலையேடி."

"நடக்காட்டி என்ன? இந்த நாட்டுல நடந்ததை யாரு பேசுறா? எல்லாரும் நடக்காததைத்தான் பேசிப் பிழைக்கிறாங்க."

"அந்த ரேடியோ ரிப்பேர்க்காரனை என் வாயால தலைவன்னு சொல்லச் சொல்றியா? கூட இருந்தவங்களை ஒவ்வொருத்தரா தின்னவன் அவன். வாத்தியார் செத்தப்ப நாலு பேரு சேர்ந்து தூக்க வரல, பயத்துல. நானும் அவரோட மருமகனும் தூக்கினோம்."

"உங்க வாய் என்ன தங்கத்துல செஞ்சதா? என் புருஷன் உள்ள கம்பி எண்ணிக்கிட்டு இருக்காரு. உங்க வைராக்கியத்துக்கு அவரு எதுக்கு எண்ணணும்?"

தையலக்கா பிளேடைக் கீழே வைத்தார். "சரி. சொல்லித் தொலைக்கிறேன். உன் புருஷனுக்காக."

"உங்க பிள்ளைக்காக," என்றாள் மருமகள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

*

விசாரணை மண்டபத்தில் ஃபேன்கள் சுற்றின, காற்று வரவில்லை. இடது பக்கம் அண்ணன் ஆட்கள், வலது பக்கம் மச்சான் ஆட்கள். இரு பக்கமும் அதே கொடி, சட்டையில் அதே பேட்ஜ். "கட்சி வாழ்க!" என்று இந்தப் பக்கம் கத்தியது. "கட்சி வாழ்க!" என்று அந்தப் பக்கம் பதிலுக்குத் திட்டியது. அண்ணனின் மனைவி, அதாவது மச்சானின் அக்கா, எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் வீட்டிலேயே தங்கிவிட்டாராம்.

அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தார். சுவரொட்டியில் இருக்கும் முகத்துக்கு அப்பா போல இருந்தார்.

பின்வாசல் வழியாக ஒரு இன்ஸ்பெக்டர் தையலக்காவின் மகனைக் கூட்டிவந்தார். மருமகள் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்தால் உடைந்துவிடும் என்று பயந்தவள் போல. தையலக்கா முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தார்.

"ரெண்டு இஞ்சுக்கு மேல போயிருக்கு," என்றார். "சோறு போட்டானுங்களா இல்லையா?"

"என்னை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தாங்க?" மகன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். "மூணு நாள் பரோல்னாங்க. வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லைன்னு நினைச்சுப் பதறிட்டேன்."

தையலக்கா நிமிர்ந்தார். "என்னது? மூணு நாளா?"

"மூணு நாள் முடிஞ்சதும் திரும்பப் போகணும். பேப்பர்ல அப்படித்தான் இருக்கு. நீ என்ன பண்ணிவச்சே?"

மருமகள்தான் சொன்னாள், பாதி அழுகையில். கேட்கக் கேட்க அவன் தாடை இறுகியது.

"அந்த ஆளுக்குச் சாட்சியா? நீயா? என்கூட இருந்தவன்லாம் நான் வெளிய வர்றப்ப என்னையே பார்த்துக்கிட்டு நின்னாங்கம்மா. எந்த அமைச்சர் காலைப் பிடிச்சான் இவன்னு யோசிச்சிருப்பாங்க. அப்ப அது சரிதான்."

தையலக்கா விடுவிடுவென்று இடது பக்கம் போனார். வக்கீல் அங்கே காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வெளிய வருவான்னு சொன்னே."

"படிப்படியாத்தானேம்மா. இப்ப பரோல். தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்."

"மூணு நாள்ல திரும்ப உள்ள போறதுக்குப் பேரு உங்க ஊர்ல விடுதலையா?"

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். டிவியில் கேட்காத குரல் அது. "நல்லாச் சொன்னீங்கன்னா மூணு நாள் முப்பது நாள் ஆகும். குளறினீங்கன்னா, இன்ஸ்பெக்டர் எங்கயும் போகல. வாசல்லயேதான் நிக்கிறார்."

திரும்பி வந்தபோது தையலக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மருமகள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள்.

"ஏமாத்திட்டாங்களா?"

"பொய் சொன்னாலும் இவன் உள்ளதான். உண்மை சொன்னாலும் உள்ளதான்."

மருமகள் கண்ணைத் துடைத்தாள். மூக்கையும் துடைத்தாள். பிறகு மாமியாரின் கையை நறுக்கென்று பிடித்தாள்.

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க அத்தை. நல்லா வலிக்கிற மாதிரி சொல்லுங்க."

*

ஆணையர் ஓய்வுபெற்ற நீதிபதி. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். கண்ணாடி எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

வக்கீல் எழுந்தார். "கட்சி ஆரம்பிச்ச கூட்டத்துல நீங்க இருந்தீங்களாம்மா?"

"என் கடை மாடியில நடந்த கூட்டம். சாவி என்கிட்ட. நான் இல்லாம எப்படிக் கதவு திறக்கும்?"

மண்டபத்தில் சிரிப்பு. வக்கீலும் தாராளமாகச் சிரித்தார்.

"அண்ணன் இருந்தாரா?"

"இருந்தான். மைக் செட்டோட வந்தான். ரேடியோ ரிப்பேர்க் கடை வச்சிருந்தான், அந்தப் பக்கத்துலயே அவன்கிட்டதான் மைக் இருந்துச்சு. அஞ்சு பேரு உட்கார்ற ரூமுக்கு மைக் எதுக்குடான்னு வாத்தியார் கேட்டாரு. அதுக்கு இவன், இப்பவே பழகிக்கிறேன்னான்."

அண்ணனின் முகம் அசையவில்லை. 'அவன்' என்று அவரை யாரும் சொல்லிப் பல வருடம் ஆகியிருக்கும். தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததோ என்னவோ.

வக்கீல் அவசரமாக நெருங்கினார். "தலைவரைத் தேர்ந்தெடுத்தீங்கல்ல?"

"தேர்ந்தெடுத்தோம். ஓட்டுப் போட்டு. அந்தக் கட்சியில நடந்த ஒரே ஓட்டு அதுதான்."

"யாரைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு ஐயாகிட்டச் சத்தமாச் சொல்லிடுங்கம்மா."

தையலக்கா பின்வரிசையைப் பார்த்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர்.

"என்னை," என்றார்.

வக்கீலின் சிரிப்பு முகத்தில் அப்படியே தங்கிவிட்டது, யாரோ அணைக்க மறந்த விளக்கு மாதிரி.

"வாத்தியார் அவருக்கே ஓட்டுப் போட்டுக்கிட்டாரு. துறைமுகத்தார் அவருக்கே. கம்பவுண்டர் அவருக்கே. நானும் எனக்கே போட்டேன், பொம்பளைன்னா மட்டும் விட்டுக்கொடுக்கணுமா? ரேடியோக்காரன் ஒருத்தன்தான் அடுத்தவங்களுக்குப் போட்டான். எனக்குப் போட்டான். ரெண்டு ஓட்டு. நான் ஜெயிச்சேன். ஆம்பளைங்க நாலு பேரும், சரி, அடுத்த கூட்டத்துல மாத்திக்கலாம்னாங்க. அடுத்த கூட்டத்துல ஓட்டே இல்ல. மைக்தான் இருந்துச்சு."

வலது பக்கத்தில் மச்சானின் வக்கீல் துள்ளி எழுந்தார். "ஐயா! இதைத்தானே நாங்க தலைபாடா அடிச்சுக்கிட்டோம்! அவர் தேர்ந்தெடுக்கப்படவே இல்ல! இந்த அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் எங்க தரப்பு அப்படியே ஏத்துக்குது. பதிவு பண்ணிக்குங்க!"

மச்சான் கைதட்டினார். அவர் தட்டியதால் அவர் பக்கம் முழுவதும் தட்டியது. இது கட்சிப் பழக்கம். எதற்கு என்று பிறகுதான் கேட்டுக்கொள்வார்கள்.

ஆணையர் எழுதி முடித்தார். அண்ணனின் வக்கீலைப் பார்த்தார். "இவர் யாருடைய சாட்சி?"

"ஐயா, சாட்சிக்கு வயசாயிடுச்சு, ஞாபகம்..."

"உங்கள் மனுவில் 'முழு நம்பகத்துக்குரிய ஒரே சாட்சி' என்று எழுதியிருக்கிறீர்கள்."

"எழுதியிருக்கோம், ஆனா..."

"அவர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆக, இந்த வழக்கில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்." ஆணையர் இப்போது வலது பக்கம் திரும்பினார். கைதட்டல் அங்கங்கே ஓய்ந்துகொண்டிருந்தது. "இதற்குப் பிறகு தலைவர் தேர்தல் ஏதாவது நடந்ததா? இரு தரப்பும் சொல்லலாம்."

இரு தரப்பும் சொல்லவில்லை. நாற்பது வருடமும் கரவொலியால்தான் ஓடியது.

"உங்களைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள் இல்லையா அம்மா?"

"அடுத்த ஓட்டு எப்பன்னு கேட்டேன். ரேடியோக்காரன் நீக்கிட்டான்."

"தலைவரை நீக்க, தலைவராக இல்லாத ஒருவருக்கு உங்கள் விதிகளில் எங்காவது அதிகாரம் இருக்கிறதா?"

இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் காகிதங்களைப் புரட்டினார்கள். காகிதச் சத்தம் மட்டும் கேட்டது. மச்சான் தன் வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்து, "எதைய்யா ஏத்துக்கிட்டே?" என்று பல்லைக் கடித்தார்.

ஆணையர் பேனாவை மூடினார். மறு உத்தரவு வரும்வரை கட்சியின் பெயரையோ கொடியையோ சின்னத்தையோ இந்த அம்மாளின் கையெழுத்து இல்லாமல் எவரும் பயன்படுத்தக் கூடாது. விசாரணை தள்ளிவைக்கப்படுகிறது.

*

தாழ்வாரத்தில் ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. தையலக்கா அதில் உட்கார்ந்துவிட்டார். சக்கர நாற்காலி கிறீச்சிட்டு அவர் எதிரில் வந்து நின்றது.

"அக்கா," என்றார் அண்ணன்.

திட்டுவார் என்று தையலக்கா எதிர்பார்த்தார். பதிலுக்கு எடுத்துவிட முப்பது வருட வசவு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அண்ணன் திட்டவில்லை. அவர் முகத்தில் உண்மையான குழப்பம்.

"அது நடந்துச்சா?"

"என்னடா கேட்கிறே?"

"நான் உனக்கா ஓட்டுப் போட்டேன்?"

"நீதான் போட்டே. ஏன்டா போட்டேன்னு கேட்டதுக்கு, மைக்கைத் தட்டிப் பார்த்துக்கிட்டே சொன்னே. பேரு யாருதா இருந்தா என்ன, பேசப்போறவன் நான்தானேன்னு."

அண்ணன் கண்ணை மூடித் தேடினார். மாடிப்படியைத் தேடினார். வாத்தியாரை, அந்த அறையை, மைக்கை. எதுவும் அகப்படவில்லை. அவரிடம் இருந்தது எட்டாம் பதிப்பு மட்டும்தான். அதில் அந்த அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார். அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தபோது தையலக்கா வசவை விழுங்கிக்கொண்டார். பொய்யனாக இருந்தாலாவது சண்டை போடலாம்.

அதற்குள் மச்சான் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "அக்கா! நான் உங்க பிள்ளை மாதிரி அக்கா!"

"என் பிள்ளையை உள்ள போட்டவன்டா நீ."

"கையெழுத்து அத்தானோடது!"

"உத்தரவு போட்டது நீ," என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

"போடச் சொன்னது யாரு? ராவோட ராவா உட்கார வச்சு எழுத வச்சது யாரு அத்தான்?"

"பிரேக்குக்கு ஒதுக்கின காசைத் தின்னவன் யாருடா?"

"அதுல பங்கு யாருக்கு வந்துச்சு?"

தாழ்வாரம் முழுவதும் கேட்டது. நிருபர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து மறுமுனையில் மருமகளின் அலறல்.

இன்ஸ்பெக்டர் மகனின் முழங்கையைப் பிடித்துப் படிப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். மருமகள் மறு கையைப் பிடித்துத் தொங்கினாள். "பரோல் ரத்தும்மா, மேலிடத்து உத்தரவு, வக்கீல் சார் இப்பத்தான் சொன்னார், கையை விடுங்க!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

தையலக்கா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"என் பிள்ளை மேல ஒரு விரல் பட்டுச்சுன்னா, கையெழுத்து கிடையாது. ரெண்டு பேருக்கும் கிடையாது. தேர்தல்ல ரெண்டு பேரும் பூசணிக்காய்ச் சின்னத்துல நில்லுங்க."

"விடுய்யா அவனை!" என்றார் அண்ணன்.

"விடுய்யா அவனை!" என்றார் மச்சான்.

பிரிந்த பிறகு இருவரும் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அது. இன்ஸ்பெக்டர் கையை எடுத்துவிட்டார். மருமகள் நிலை தடுமாறிப் புருஷன்மேல் விழுந்தாள்.

அவனோ நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

"மத்த பதினொரு பேரு?" என்றான்.

"இப்ப அதுவா முக்கியம்? வாங்க, போயிடலாம்!" மருமகள் அவனைத் தள்ளினாள்.

"என்னை மட்டும் விடுறதா இருந்தா நானே ஜீப்புல ஏறி உட்கார்ந்துக்கிறேன். அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"ஆத்தாளுக்குத் தப்பாத பிள்ளை," என்று மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தி."

தையலக்கா மகனைப் பார்த்தார். அவன் இன்னும் அவர்மேல் கோபமாகத்தான் இருந்தான். இருக்கட்டும். அவர் பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கேட்டீங்கல்ல? பதினொரு பேரு. பரோல் இல்ல, கேஸே இல்லைன்னு எழுதிக் கொடுத்து, எல்லாரும் இங்க வந்து என் முன்னால நிக்கணும். அப்புறம்தான் பேனாவைத் தொடுவேன்."

"யாருக்குப் போடுவீங்க?" மச்சான் முந்திக்கொண்டார்.

"யாரு முதல்ல கொண்டு வர்றாங்களோ அவங்ககிட்ட முதல்ல பேசுவேன். பேசுவேன்னுதான் சொன்னேன்."

அடுத்த நொடி போன்கள் காதுக்குப் போயின. அண்ணன் ஜெயில் சூப்பிரண்டெண்டைக் கூப்பிட்டார். மச்சானும் கூப்பிட்டார். இரண்டு வக்கீல்களும், அவர்களின் ஜூனியர்களும், இரு பக்கத்து மாவட்டச் செயலாளர்களும், தங்களுக்கும் நல்ல பெயர் வரட்டும் என்று கூட நின்றவர்களும் கூப்பிட்டார்கள். ஜெயிலுக்கு இருந்தது ஒரே எண். எல்லோர் காதிலும் 'பிஸி' என்றே வந்தது.

"நீ முதல்ல வைடா! நான் பேசணும்!"

"நீங்க வைங்க அத்தான்! நான்தானே உள்துறை!"

"நீ எங்கடா இப்ப உள்துறை?"

ஒருவரும் வைக்கவில்லை. வைத்தால் மற்றவருக்கு லைன் கிடைத்துவிடும். 'ஹலோ, ஹலோ' என்று தாழ்வாரமே அலறியது.

தையலக்கா இன்ஸ்பெக்டரை விரலால் அழைத்தார். அவர் இரு தலைவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"போன் நம்பிப் பிரயோசனமில்ல. நீயே நேரா போய்க் கூட்டிட்டு வா."

"யாரு உத்தரவுன்னு கேட்டா என்னம்மா சொல்லட்டும்?"

"காதுல விழலையா? ரெண்டு பேரும் தொண்டை கிழிய 'விடுய்யா'ன்னுதானே கத்தினாங்க. ரெண்டு பேரும் சொன்னாங்கன்னு சொல்லு. பொய்யா அது?"

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் யோசித்தார். அவருக்கும் குடும்பம் உண்டு, வேலை உண்டு. ஆனால் அடுத்த மாதம் யார் ஆட்சி என்று தெரியாத நாளில், இரண்டு பேரின் உத்தரவையும் ஒரே தடவையில் நிறைவேற்றும் வாய்ப்பு எந்தப் போலீஸ்காரனுக்கும் எளிதில் கிடைக்காது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார்.

"நானும் வரேன்," என்றான் மகன். "என்னைப் பார்த்தாத்தான் அவங்க நம்புவாங்க."

"நானும்," என்றாள் மருமகள். "உங்களை இனிமே இந்த ஆளோட தனியா விட்டா நான் மனுஷியில்ல." படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "நீங்க வரலையா அத்தை?"

"நீ போடி."

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. மச்சானின் ஆள் ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான். அண்ணனின் ஆள் ஒருவன் இரண்டு பாட்டிலோடு ஓடிவந்தான். தையலக்காவைத் தாகம் வாட்டியது, எதையும் தொடவில்லை. கால் மரத்துப்போனது; எழுந்திருக்கவில்லை. பதினொரு பேரும் படியேறி வரும்வரை அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். எழுந்தால் அடுத்த நிமிடமே யாராவது அதில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்தக் கட்சியை அவருக்குத் தெரியும்.